ஒரகடத்தில் ஓர் ஆட்டு நுரையீரல்

சுங்குவார்சத்திரத்தில் நான் தங்கிய லாட்ஜின் மின்விசிறிக்கு இரண்டே வேகம்தான். ஒன்று, சும்மா இருப்பது. இன்னொன்று, கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவது போல் சுற்றுவது. வந்து சேர்ந்த மத்தியானமே இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். நெடுஞ்சாலை முழுவதும் அறைக்குள் வந்துவிட்டது. மூடிவிட்டுப் படுத்தேன்.

எனக்குப் பயணம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் பினாங்கில் பிறந்தவன். என் தாத்தா தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் வரவில்லை. மருத்துவமனைகளுக்குக் கருவிகளை விற்றுப் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒரு கேமராவின் நிறத்தில் ஏதோ தப்பு இருக்கிறது, அது என்னவென்று பார்த்து வா என்று அனுப்பினார்கள், வந்தேன்.

அந்தக் கேமரா நுரையீரல் அறுவைக்கானது. முன்பெல்லாம் நுரையீரலைத் தொட வேண்டுமென்றால் முதுகிலிருந்து மார்பு வரை வகுந்து, விலா எலும்புகளை நெம்பி விலக்குவார்கள். என் அண்ணனுக்கு அப்படித்தான் செய்தார்கள். எத்தனையோ வருஷம் ஆகியும், மழைக்காற்று அடித்தால் இன்றும் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இப்போது விலாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று சின்னத் துளைகள் போதும். ஒரு துளை வழியே விரல் தடிமனில் ஒரு குழாய் உள்ளே போகும். அதன் வெளி முனையில் கேமரா. அறுக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் திரையைத்தான் பார்க்கிறார்.

ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து எங்களுக்குப் புதிதாக வந்த கேமராக்களைப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர் லிம் உதட்டைப் பிதுக்கினார். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். "இதில் எல்லா நுரையீரலும் மூச்சு முட்டியது போலத் தெரிகிறது. கெட்ட பகுதி எங்கே முடிகிறது என்று என்னால் நம்பிச் சொல்ல முடியாது" என்றார். பழைய கேமராவை மாற்றுத் திட்டத்தில் கொடுத்தாயிற்று. புதியது சரியாகவில்லையென்றால் அடுத்த வாரம் பட்டியலில் இருப்பவர்களைப் பழைய முறையில் வகுந்துதான் ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்த வாரப் பட்டியலில் முதலில் இருப்பது வசந்தா. என் மனைவி. வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு புள்ளி.

நான் கிளம்பும் முன் டாக்டர் லிம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அங்கே அவர்கள் சொல்வது எனக்கு வேண்டாம். நீங்கள் சரி என்று சொன்னால் அந்தக் கேமராவை வைப்பேன். யாருக்கு வைக்கப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்." இதைச் சுமந்துகொண்டு வந்தவனுக்கு மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றினால் என்ன?

சாயங்காலம் கீழே இருந்த ஓட்டலுக்குப் போய், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார் சிலோனா?"

"பினாங்கு."

"அது எங்க கீது?"

"மலேசியா."

"அப்ப சிலோன் பக்கந்தான்" என்று முடிவு கட்டிவிட்டு இட்லி கொண்டுவந்தார். இட்லி நன்றாக இருந்தது. குறை சொல்ல மிகவும் ஆசைப்பட்டேன், முடியவில்லை. டீயில்தான் எனக்கு மனத்தாங்கல். எங்கள் ஊரில் தே தாரிக் என்று நுரை பொங்க ஆற்றிய டீ ஒரு பெரிய குவளையில் வரும், அரைமணி நேரம் வைத்துக்கொண்டு உலகத்தை அலசலாம். இங்கே தருகிற கண்ணாடித் தம்ளரில் உதட்டை வைத்து எடுப்பதற்குள் டீ முடிந்துபோகிறது.

மறுநாள் காலையில் தொழிற்சாலைக் கார் வரவில்லை. ஓட்டுநர் போன் செய்தார். "சார், படப்பையாண்ட ரோட்ல தண்ணி நிக்குது. நான் இன்னும் வூட்டாண்டதான் கீறேன்." கார்த்திகை மாத மழை. சரியென்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு பேர் இருந்தோம். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது, என் கழுத்தில் மட்டும் இல்லை. எனக்கு எதிரே இரண்டு இளைஞர்கள் இந்தியில் பேசிச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த பெண் கேட்காமலேயே எனக்கு மொழிபெயர்த்தார்: "அவுங்க ஊர்ல மழையே இல்லியாம் சார். இங்க நிக்கிற தண்ணிய பார்சல் போட்டு அனுப்ப முடியுமான்னு கேட்டுக்கினு கீறாங்க."

எங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் காலையில் இதே நெரிசல்தான். இதே ஷிப்டு பஸ்கள், இதே தூக்கக் கண்கள். மழைநீர் போக அங்கே வழி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அப்ப அங்க லேட்டா வந்தா சொல்றதுக்கு ரீசனே கெடையாதே, பாவம்" என்றார்.

தொழிற்சாலை வரவேற்பறையில் என்னை வெகுநேரம் உட்கார வைத்தார்கள். சுவரில் சட்டம் போட்ட படங்கள். ஒன்றில் ஆயுத பூஜை: வாழையிலைகளில் ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, அளவுகோல் என்று வரிசையாகக் கருவிகள், நடுவே பட்டு வேட்டியில் ஒருவர் குனிந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பினாங்கில் எங்கள் பணிமனையிலும் இதே பூஜை உண்டு. பொரி கிடைக்குமா என்று நினைத்துக்கொண்டே அந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்திருப்பேன். வேறெதுவும் தோன்றவில்லை.

பட்டு வேட்டிக்காரர் கால்சட்டையில் வந்தார். ஆலையின் மேலாளர், பெயர் சுந்தரமூர்த்தி. திருநெல்வேலிக்காரர். மரியாதையில் குறை வைக்காத மனிதர். பழரசம் வந்தது, பிறகு திரையில் வரைபடங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் பச்சைக் கோட்டுக்குள் ஒரு புள்ளி.

"எல்லாமே ஸ்பெக்குக்குள்ளதான் இருக்கு சார். நானே மறுபடி செக் பண்ணச் சொல்லிட்டேன். ஒங்க ஆஸ்பத்திரி மானிட்டர்லதான் ஏதோ இருக்கணும்" என்றார்.

"மூணு மானிட்டர் மாத்திப் பார்த்தாச்சு."

"அப்போ டாக்டரம்மாவுக்குப் புதுசு இன்னும் பழகலையோ என்னவோ" என்று புன்னகைத்தார். நான் புன்னகைக்கவில்லை.

மத்தியானம் கேன்டீனில் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். சுத்த சைவம். வெளியிலிருந்து அசைவம் கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே பலகை. பிறகு என்னை வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் எல்லாம் போட்டுத் தூசியில்லா அறைக்குள் அழைத்துப் போனார்கள். அங்கே நிறம் சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் மகேஸ்வரி. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கண் மட்டும்தான் தெரிந்தது, ஆனால் அந்தக் கண்ணே பேசியது.

"நான் சேரப்பணஞ்சேரி சார். ஆறு வருஷமா இந்த டேபிள்தான். நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

சொன்னேன். "பிளேன்லயா வந்தீங்க? அதான் மூஞ்சி இப்டி வாடிக் கீது" என்றார்.

வேலையை அவர் செய்து காட்டினார். மேசையின் நடுவே பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு இருக்கும். கேமராவை அதன்மேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், இதுதான் வெள்ளை என்று கேமரா கற்றுக்கொள்ளும். பிறகு சிவப்பு, நீலம் என்று எல்லா நிறங்களையும் அந்த வெள்ளையிலிருந்துதான் கணக்கிடும். மருத்துவமனையில் அறுவைக்கு முன் ஒரு வெள்ளைத் துணியைக் காட்டி இன்னொரு முறை சரிசெய்வார்கள். அதில் வெள்ளை மட்டும் நேராகும். சிவப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கணக்கு இங்கே போட்டது போட்டதுதான். நுரையீரலில் வேறு என்ன இருக்கிறது? காற்று இருக்கும் இடம் இளஞ்சிவப்பு, காற்றுப் போன இடம் கருஞ்சிவப்பு, கெட்டது அதற்கு நடுவில் எங்கோ. எல்லாம் சிவப்பின் பங்காளிகள்.

அன்று மீதிப் பொழுதும் மறுநாள் முழுக்கவும் அந்த மேசையில் உட்கார்ந்தேன். வண்ண அட்டைகளை வைத்தோம், எண்கள் சரியாக வந்தன. விளக்கை மாற்றினோம், வயரை மாற்றினோம், சரியாகவே வந்தன. முகக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே புளித்தது. முதுகு வலித்தது. கண் எரிந்தது.

இரண்டாம் நாள் மாலையில் சுந்தரமூர்த்தி ஒரு காகிதத்தோடு வந்தார். குரலில் பரிவு இருந்தது. "சார், டயர்டா இருக்கீங்க. ஒண்ணு பண்ணுவோம். இருக்கறதுலயே பெஸ்ட்டா ரெண்டு கேமராவ நானே செலக்ட் பண்ணி ஒங்க ஆஸ்பத்திரிக்குத் தர்றேன். நீங்க ஓகேன்னு ஒரு சைன் மட்டும் போட்டுட்டா, நாளைக்கே வீட்டுக்குக் கிளம்பலாம்."

எனக்கு ஆசை வந்தது. மறைப்பானேன்? எல்லா எண்ணும் சரி என்கிறபோது நான் மட்டும் என்ன பெரிய கொம்பன்? போட்டுவிட்டால் வீடு. வசந்தாவுக்கு மூன்று சின்னத் துளை. அண்ணனைப் போல மழைக்கு மழை விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துளை வழியே தெரியும் நிறம் பொய்யாக இருந்தால், கெட்டதில் கொஞ்சத்தை உள்ளேயே விட்டுவிட்டுத் தையல் போட்டுவிடுவார்கள். "காலையில் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் வசந்தா அழைத்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. இட்லி."

"கண்டுபிடிச்சாச்சா?"

"இல்ல."

"எனக்கு முந்தி எத்தனை பேருக்கு வகுந்தாங்க, எல்லாரும் பொழச்சுத்தானே இருக்காங்க. நீங்க கவலைப்படாம படுங்க" என்றாள். நான் அவளைத் தேற்ற வேண்டியிருக்க, அவள் என்னைத் தேற்றுகிறாளே என்று அழுகை வந்தது.

காலையில் டீக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் தொழிற்சாலை ஓடுகிற நாள்தான். டீக்கடைக்குப் பக்கத்தில் கறிக்கடை. அப்போதுதான் உரித்து மாட்டிய ஆடு. அதன் குடலை எடுத்துவிட்டுக் கடைக்காரர் நெஞ்சுக்கூட்டிலிருந்து மூச்சுக்குழாயோடு நுரையீரலை உருவி ஓரமாகத் தொங்கவிட்டார். வெயிலே இல்லாத காலையில் அது அப்படி ஓர் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் டீயை மறந்து நின்றேன்.

டாக்டர் லிம்முக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கண் கிடையாது. நெஞ்சுக்குள் கேமரா காட்டுவதுதான் அவருக்கு நிறம். எங்களுக்கும் அப்படித்தான். அந்தப் பீங்கான் ஓட்டை வைத்துக் கேமராவைச் சரிபார்க்கிறோம், கேமராவின் எண்களைச் சரிபார்க்கிற மீட்டரையும் அதே ஓட்டை வைத்துத்தான் தொடங்குகிறோம். இழுபட்டுப்போன டேப்பை வைத்துக்கொண்டு தையற்காரர் எத்தனை முறை அளந்தாலும் அதே அளவுதான் வரும். நுரையீரலையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொந்தக் கண்ணால் யாருமே பார்க்கவில்லை.

"நுரையீரல் கொடுங்க" என்றேன்.

"எவ்ளோ கறி சார்?"

"கறி வேண்டாம். நுரையீரல் மட்டும். குழாயோட, கிழியாம."

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். "அத தனியா யாரும் கேக்க மாட்டாங்களே. நாய்க்கா?"

"கேமராவுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஈரலும் கொஞ்சம் போடட்டா சார், கேமராவுக்கு?" என்றார். வேண்டாம் என்றேன்.

கறுப்புப் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். பை ஒழுகியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பாதி வழியில் ஆட்டோ ஒரு குட்டையில் இறங்கி இருமி நின்றது. எல்லோரும் இறங்கினோம். முழங்கால் தண்ணீரில், பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது தேவைதான்.

வாசலில் காவலர் ஏழுமலை. இரண்டு நாளாக சல்யூட் அடித்தவர் இன்று பையைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"இன்னா சார் இது!"

"நுரையீரல்."

"வெளி நான்வெஜ் உள்ள அலவுடு இல்ல சார். போர்டு கீது பாருங்க."

"இது சாப்பிடறதுக்கு இல்ல."

"சாப்பிடறதுக்கு இல்லாத நான்வெஜ்ஜுக்கு எங்கிட்ட ரூலே இல்லியே" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். சுந்தரமூர்த்தி குடையோடு ஓடிவந்தார். பையை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், மலேசியாவுல இப்படித்தான் செக் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். "சைன் வேணும்னா இத உள்ள விடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தூசியில்லா அறைக்குள் கூடவே கூடாது, ஸ்டோர் ரூமில் ஒரு மேசை தருகிறேன் என்று இறங்கிவந்தார்.

மகேஸ்வரி ஒரு கேமராவையும் திரையையும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கேன்டீனிலிருந்து கெஞ்சி வாங்கிய எவர்சில்வர் தட்டில் நுரையீரலை வைத்தோம். அதற்குள் அது சுருங்கி மங்கிப்போயிருந்தது. மகேஸ்வரி மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, தூசி ஊதுவதற்கு வைத்திருந்த காற்றுக் குழாயோடு சேர்த்து, மெல்லத் திறந்தார்.

நுரையீரல் எழுந்தது. ஓரத்திலிருந்து தொடங்கி, மடிப்பு மடிப்பாக, இளஞ்சிவப்பு பரவிக்கொண்டே வந்தது. செத்த ஆட்டின் நுரையீரல்தான். ஆனாலும் அங்கே நின்ற நாலைந்து பேரும் கிட்டே வந்து குனிந்தார்கள். "யம்மா, நம்ப உள்ளயும் இப்டித்தான் கீதா?" என்று மகேஸ்வரி தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

நான் திரையைப் பார்த்தேன். திரையில் அது ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. மூச்சு முட்டிய மாதிரி. டாக்டர் லிம் சொன்னது சொன்னபடியே.

எல்லோரும் தட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சுந்தரமூர்த்தி மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உங்க ஓட்டுக்கு மாற்று ஓடு இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது, பிரிக்காத உறையில். இரண்டையும் ஒரு காகிதத்தில் அருகருகே வைத்தோம். எங்கள் எல்லோர் கண்ணுக்கும் இரண்டும் ஒரே வெள்ளை. கேமராவுக்குப் புதிய ஓட்டை வெள்ளை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பழையதைக் காட்டினேன். திரையில் பழைய ஓடு இளமஞ்சளாகத் தெரிந்தது. அந்த மஞ்சளைத்தான் வெள்ளை என்று எல்லாக் கேமராவுக்கும் கற்பித்திருக்கிறார்கள். கேமராவும் சொன்ன பேச்சைக் கேட்டு, பார்க்கும் எல்லாவற்றிலிருந்தும் அந்த அளவு மஞ்சளைக் கழித்துவிட்டது. இளஞ்சிவப்பில் மஞ்சளைக் கழித்தால் ஊதாதானே மிஞ்சும்.

"இது வெளியே போச்சா? எதுலயாவது பட்டுச்சா?" என்று மகேஸ்வரியிடம் கேட்டேன்.

"வெளிய எங்கியும் போவல சார். எப்பவும் பெட்டிலதான் இருக்கும்" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "பூஜைக்கு மட்டும் எட்த்துக்கினு போனோம்."

தூசியில்லா அறைக்குள் பூஜை கூடாது. அதனால் ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஏதாவது ஒரு கருவியை வெளியே கொண்டுவந்து இலையில் வைப்பார்களாம். மற்றவர்கள் இடுக்கி, ஸ்க்ரூ டிரைவர் வைத்தார்கள். இவர் மேசையில் தூக்கிக்கொண்டு வரக்கூடிய கருவி இந்த ஓடு ஒன்றுதான். அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. கடைச் சந்தனத்தில் சந்தனம் எங்கே இருக்கிறது, பாதிக்கு மேல் மஞ்சள்தான். குங்குமமோ மஞ்சளில் செய்வதேதான்.

"ஆனா சும்மா வுடல சார். ஸ்பிரிட் போட்டு நல்லா தொடச்சேன். ஒரு வாட்டி இல்ல, பத்து வாட்டி. ஒரு துளி கூடத் தெரியாத அளவுக்கு" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. மஞ்சள் ஸ்பிரிட்டில் கரையும். தண்ணீரில் துடைத்திருந்தால் பொட்டு பொட்டாகவே நின்று காட்டிக் கொடுத்திருக்கும். அவர் துடைக்கத் துடைக்க அது கரைந்து ஓடு முழுவதும் சமமாகப் பரவி, யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டது.

சுந்தரமூர்த்தி நெற்றியைத் துடைத்தார். "ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ். ரிப்போர்ட்ல அப்படியே போட்டுக்கோங்க சார். ஆக்‌ஷன் எடுத்துர்றோம்" என்றார். மகேஸ்வரியின் கண்கள் உடனே நிரம்பிவிட்டன. "சார், நான் கான்ட்ராக்ட்டுல கீறேன் சார். ரெண்டு பசங்க படிக்குது" என்றார், என்னைப் பார்த்து அல்ல, தட்டில் கிடந்த நுரையீரலைப் பார்த்து.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் களைப்பும் சேர்ந்து வந்தது. "வரவேற்பறையில ஒரு படம் மாட்டியிருக்கீங்களே சார். பட்டு வேட்டி கட்டி, இலையில இருந்த கருவிக்கெல்லாம் பொட்டு வைக்கிறது யாரு?" என்றேன்.

அவர் தன் வலது கை மோதிர விரலைத் தடவிக்கொண்டு, குரல் இறங்கி, "நாந்தான். எல்லாத்துக்கும் வச்சிட்டு அதுக்கு மட்டும் வைக்காம விட்டா, அது என்ன பாவம் பண்ணிச்சுன்னு தோணிச்சு சார்" என்றார். அந்த மனிதர்மேல் அதற்கு மேல் எனக்குக் கோபிக்கத் தெரியவில்லை. நானும் எங்கள் பணிமனையில் அப்படித்தான் ஒன்றுவிடாமல் பொட்டு வைக்கிறவன். ரிப்போர்ட்டில் ஓடு மேசையை விட்டு வெளியே போனதே காரணம், இனிப் போகக்கூடாது என்று எழுதினேன். யார் பெயரும் இல்லை.

அன்று சாயங்காலமே புதிய ஓட்டை வைத்துக் கேமராக்களுக்கு மறுபடி வெள்ளை கற்பிக்கத் தொடங்கினார்கள். ஓடு இருக்கும் பெட்டியின் மேல் மகேஸ்வரி பெரிய எழுத்தில், பூஜைக்கு அல்ல என்று ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலை மறுபடி கறிக்கடை. "நேத்து வாங்குனது கேமராவுக்குப் பத்தலியா?" என்றார் கடைக்காரர். ஏழுமலை இந்த முறை பையைத் திறக்காமலேயே வழிவிட்டார், "லங்ஸு சார்தான், விடு" என்று இன்னொரு காவலரிடம் சொல்வது காதில் விழுந்தது. ஸ்டோர் ரூமில் காற்றுவிட்டோம். தட்டில் இளஞ்சிவப்பு எழுந்தது. திரையிலும் அதே இளஞ்சிவப்பு எழுந்தது. காற்றை நிறுத்தியதும் இரண்டும் ஒரே நேரத்தில் கறுத்துச் சுருங்கின. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னா சார், கேமரா சரியாய்ட்ச்சே. ஏன் அழுவுறீங்க?" என்று மகேஸ்வரி கேட்டார்.

அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். இந்த வாரம் இந்தக் கேமராவை முதலில் வைக்கப்போவது என் வீட்டுக்காரிக்குத்தான் என்றேன். சுந்தரமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகேஸ்வரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அக்கா பேரு இன்னா?"

கிளம்புகிற அன்று காலையில் சரிசெய்த கேமராவோடு நான் இறங்கி வந்தபோது, ஷிப்டுக்கு முன்னால் மகேஸ்வரி லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தொப்பியும் முகக்கவசமும் இல்லாமல் அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். கையில் மடித்த சின்னப் பொட்டலம்.

"மணிமங்கலம் கோயில்ல அக்கா பேருக்கு அர்ச்சனை பண்ணேன் சார். அம்மன் குங்குமம்." நான் கை நீட்டியதும் ஒரு நொடி கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். "இது கேமராவுக்கு இல்ல. அக்காவுக்கு."

பினாங்கில் அறுவை அன்று காலை வசந்தாவின் நெற்றியில் நானே அதை வைத்தேன். கதையை முழுக்கச் சொல்லியிருந்தேன். ஆட்டு நுரையீரலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்த இடத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அறுவை அறைக்குக் கொண்டுபோகும் முன் மலாய்க்காரத் தாதி ஒருத்தி வந்து, நெற்றியில் எதுவும் இருக்கக் கூடாது என்று மன்னிப்புக் கேட்டாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் குங்குமத்தைத் துடைத்தாள். ஒருமுறைக்கு நாலுமுறை, கவனமாக. வசந்தா அந்தப் பஞ்சையும் என்னையும் பார்த்தாள், பிறகு கதவு மூடிக்கொண்டது.

டாக்டர் லிம் வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. "மூன்று துளைதான். எல்லை தெளிவாகத் தெரிந்தது. முழுவதும் எடுத்துவிட்டேன்" என்றார். கொஞ்சம் நின்று, "நிறம் சரியாக இருந்தது" என்றும் சொன்னார். அவருக்கு அது பெரிய பேச்சு.

உள்ளே விட்டதும் வசந்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. தாதி வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிப் போனாள். நான் கட்டிலின் விளக்கைக் கொஞ்சம் திருப்பி வசந்தாவின் நெற்றியைப் பார்த்தேன். புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை, சமமாக, இளமஞ்சள் பரவியிருந்தது.